ஐந்தாவது அச்சம்

மார்கழி விடியற்காலையில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது முதல் தடவை வந்தது. நெஞ்சு உலக்கை இடிப்பதுபோல் அடித்தது. தலை இரண்டாகப் பிளக்கிற வலி. அந்தப் பனியிலும் ரவிக்கை நனைய வியர்த்தது. விரல்கள் நடுங்கிக் கோலமாவு கொட்டியது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏதோ பெரிய கேடு ஒன்று தெருமுனை திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு நிச்சயம் வந்து உட்கார்ந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கால் மணி நேரம். பிறகு வந்த சுவடே இல்லாமல் போய்விட்டது. மீதிக் கோலத்தை மகள் முடித்தாள்.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. திருக்கழுக்குன்றத்தில் சங்கு தீர்த்தக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் சொல்வதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமோ பேயோ, கொடிய மிருகம், திருடன், தண்டிக்கிற தலைவன். இந்த நான்கில் ஒன்றுகூட அன்று என் வாசலில் இல்லை.

ஆனாலும் ஏழு வருஷம் அந்த நான்குக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தோம். மாமியார் காத்து கருப்பு என்றார், தாயத்து கட்டினார்கள். ஜோசியர் முன்னோர் சாபம் என்றார். முதல் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். அடுத்தவர் மாதவிலக்கு நிற்கிற வயசு என்றார். மூன்றாமவர் கவலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். படபடப்புக்கென்று ப்ரோப்ரனலால் எழுதினார். அதைப் போட்ட வாரம் தலைவலி இரட்டித்தது. சொன்னபோது, "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றார். தமிழாசிரியை அல்லவா, யோசிக்கத்தானே செய்வேன் என்று நானும் நம்பிவிட்டேன்.

மருந்து கைவிட்டதும் மலையைப் பிடித்துக்கொண்டேன். கழுகுகள் உச்சி வேளையில் வந்து சோறு உண்டுபோன மலை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா இடுப்பில் தூக்கி வைத்துக் காட்டியிருக்கிறார். இப்போது கழுகுகள் வருவதில்லை, நான் போனேன். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். மூச்சு வாங்கினால் ஒருக்கல் மண்டபத்தில் உட்காருவேன். பாறையைக் குடைந்த மண்டபம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை அங்கே கல்லில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே நெஞ்சு அடங்கும்வரை காத்திருப்பேன்.

வேதகிரீசுவரர் சந்நிதியில் மண்டியிட்டு, வயிறு தொடையில் படக் குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பேன். வைத்ததும் உடம்பு சிலிர்க்கும். மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும். கை நடுங்கும். கண்ணில் நீர் வரும். நெஞ்சு தறிகெட்டு ஓடும். இவையெல்லாம் அடியார்களுக்கு வருகிறவை என்று பல வருஷம் வகுப்பில் சொன்னவள் நான். எனக்கே வந்தபோது சந்தேகப்படத் தோன்றவில்லை. வீட்டில் வந்தால் அதன் பெயர் பயம். சந்நிதியில் வந்தால் பக்தி. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதை எப்படியோ நான் கவனிக்கவே இல்லை.

ஓர் ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். அண்டாவிலிருந்து கூழ் மொண்டு ஊற்றக் குனிந்தேன். பிடித்துக்கொண்டது. நின்ற இடத்தில் நடுங்கினேன். உடுக்கை அடித்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். "யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். பெண்கள் சுற்றி நின்று கைகூப்பினார்கள். மலையடிவாரத்தில் பூ விற்கிற அம்மாள் காலில் விழுந்து, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கை நீண்டது, அவள் தலையில் வைத்தேன், திருநீறு பூசினேன். எட்டு மாதம் கழித்து அவனுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அன்று முதல் அவள் எனக்கு மட்டும் முழத்துக்கு நான்கு விரல் கூட்டி அளந்தாள்.

ஏழாம் வருஷம், ஒரு பௌர்ணமி இரவு. கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மீசை சரியாக முளைக்காத டாக்டர் பையன் ஒருவன் பிபி பார்த்தான். இருநூற்று நாற்பதுக்கு நூற்று முப்பது. மெஷின் சரியில்லை என்று வேறொன்றை எடுத்தான். மறு கையில் பார்த்தான். அதேதான். என்னை அங்கேயே படுக்கவைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்களைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். இருபது நிமிஷத்தில் நூற்று முப்பதுக்கு எண்பது. அவன் முகம் மாறியது. தலைவலி உண்டா, வியர்க்குமா, படபடப்பு வருமா, முகம் வெளுக்குமா என்று வரிசையாகக் கேட்டான். நான் சொல்வதற்கு முன்பே அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. பிறகு சொன்னான்: "இது உங்க மனசு இல்லம்மா."

ஏழு வருஷத்தில் யாரும் சொல்லாத வாக்கியம். அந்த இடத்திலேயே அழுதேன். அந்த அழுகை எந்தச் சுரப்பியிலிருந்தும் வந்ததில்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் அட்ரீனல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு; ஒவ்வொன்றும் நாலைந்து கிராம். பாம்பைக் கண்டால் ஓடவும் திருடனைக் கண்டால் கத்தவும் உடம்பைத் தயார் செய்கிற சாறு அதன் உட்பகுதியில் ஊறுகிறது. அங்கே கட்டி வந்தால், பாம்பும் இல்லாமல் திருடனும் இல்லாமல் அந்தச் சாறு ரத்தத்தில் கொட்டும். குனிந்தாலும் வயிறு அழுந்தினாலும் கொட்டும். கோலம், கூழ் அண்டா, நமஸ்காரம், செருப்பு வார். கட்டியின் பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா. குரோமிய உப்பு பட்டால் கருத்துப்போகிற அணுக்கள் என்பதால் 1912-ல் கிரேக்கச் சொற்களைக் கோத்து வைத்த பெயர். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டிலிருந்து எட்டுப் பேருக்கு வருகிறது.

இதை உறுதிப்படுத்த முதலில் வேண்டியது ஸ்கேன் அல்ல, பொறுமை. இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். கேனின் அடியில் ஆசிட் ஊற்றிக் கொடுத்தார்கள். என் கணவர் அதை மஞ்சப்பையில் போட்டு, செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டே சென்னைக்குப் போனார். பக்கத்து சீட்காரர் "என்ன சார், தேனா?" என்று கேட்டாராம். "ஆமாம்" என்று சொல்லிவிட்டாராம். அதில் மெட்டாநெஃப்ரின் அளவு இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு இருந்தது. பிறகுதான் சி.டி. ஸ்கேன், இடப்பக்கம், நாலரை சென்டிமீட்டர். மற்றக் கட்டிகளைப்போல் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாத கட்டி இது. குத்தினால் சாறு மொத்தமும் ரத்தத்தில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

"குடும்பத்தில் யாராவது சின்ன வயசில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?" என்று டாக்டர் கேட்டார். இந்தக் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்கு வம்சாவழி மரபணுவால் வருகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஜோசியரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். வித்தியாசம் என்னவென்றால், ஜோசியர் பரிகாரம் சொன்னார். டாக்டர் என் மகளுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த அன்றைக்குத்தான் வீட்டில் பாயசம் வைத்தோம்.

நேராக மேசையில் படுக்கவைத்து அறுத்துவிட முடியாது. இரண்டு வாரம் பிரசோசின் கொடுத்து, இறுகிக் கிடந்த ரத்தக் குழாய்களை முதலில் தளர்த்தினார்கள். தளர்ந்த குழாய்களை நிரப்ப உப்பும் நீரும் தாராளமாகச் சேர்க்கச் சொன்னார்கள். ரத்த அழுத்தக்காரி ஊறுகாயும் அப்பளமும் சாப்பிடுவதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள் என் கணவரைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். அந்த மாத்திரைக்கு மூக்கு அடைக்கும். மயக்க மருந்து டாக்டர் ஒவ்வொரு நாளும் அதை மட்டுமே கேட்டார். "மூக்கு அடைக்குதாம்மா? நல்லது, நல்லது." படபடப்பை அடக்கும் மாத்திரை அதற்கு அப்புறம்தான். முதலிலேயே அதைக் கொடுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். ப்ரோப்ரனலால் போட்ட வாரத்தின் தலைவலிக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்தது.

அறுவைச் சிகிச்சையில் நடந்ததை மறுநாள் மயக்க மருந்து டாக்டர்தான் சொன்னார். என்னை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நான்கு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டிருக்கிறார்கள். கட்டியைக் கருவி தொட்ட கணத்தில் அழுத்தம் இருநூற்றுப் பத்து. "சார், தொடாதீங்க, நிறுத்துங்க." கையை எடுத்து நின்றார்கள். இறங்கியதும் மறுபடி. அப்படி நான்கு முறை. கட்டியிலிருந்து வெளியேறும் ரத்தக்குழாயில் கிளிப் போட்டதும் நிலைமை தலைகீழாயிற்று. சாறு நின்றது, அழுத்தம் எண்பதுக்கு விழுந்தது. உடனே சொட்டு மருந்தாக நார்அட்ரீனலின் ஏற்றினார்கள். அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எந்தச் சாறு என்னை ஏழு வருஷம் ஆட்டிவைத்ததோ, அதையே குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் என் உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அச்சம் முழுக்க வற்றிப்போனாலும் மனுஷிக்கு உயிர் தங்காது போலிருக்கிறது.

கட்டி முப்பத்தெட்டு கிராம். புற்று இல்லை என்றாலும், திரும்ப வரக்கூடும் என்பதால் ஆயுசு முழுக்க ஆண்டுக்கொரு சோதனை. என் கணவருக்கும் மஞ்சப்பைக்கும் ஆண்டுக்கொரு ரயில் பயணம்.

மூன்று மாதம் கழித்து மலை ஏறினேன். ஒருக்கல் மண்டபத்தில் உட்காரவில்லை. சந்நிதியில் மண்டியிட்டேன், குனிந்தேன், நெற்றியை வைத்தேன். ஒன்றும் இல்லை. சிலிர்ப்பு இல்லை, நடுக்கம் இல்லை, கண்ணீர் இல்லை. கல் தரை குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். எழுந்து வந்து படியில் உட்கார்ந்தேன். கீழே ஊர், தாழக்கோயில் கோபுரங்கள், குளம், தூரத்தில் கடல் வரைக்கும் பனைகள். உடம்பு இவ்வளவு நிம்மதியாக இருந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் திருட்டுக் கொடுத்தவள்போல் உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி இதுதான். பயம் மனசிலிருந்து வரவில்லை, கட்டியிலிருந்து வந்தது என்றபோது சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். அப்படியானால் அந்தப் பயத்தில் நான் கூப்பிட்ட கூப்பாடு? ஏழு வருஷ வழிபாடு? அதையும் முப்பத்தெட்டு கிராமோடு சேர்த்து பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டார்களா?

அமெரிக்காவில் இந்தக் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தவர் சார்லஸ் மேயோ, 1926-ல். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் சேசர் ரூ ஒன்றை எடுத்தார். வயிற்றைத் திறக்கும்வரை உள்ளே இருப்பது என்னவென்று இருவருக்கும் தெரியாது. மேயோவின் நோயாளி ஒரு கன்னியாஸ்திரி. இதை வாசித்த நாளிலிருந்து அவர் நினைவாகவே இருக்கிறது. மடத்துக்குத் திரும்பிய பிறகு, மண்டியிட்டபோது அவருக்கும் தரை வெறுமனே குளிர்ச்சியாக இருந்திருக்குமோ?

வில்லியம் ஜேம்ஸ் 1884-ல் ஒரு கட்சி கட்டினார்: பயந்ததால் நடுங்கவில்லை, நடுங்குவதைத்தான் பயம் என்கிறோம் என்று. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கிரெகோரியோ மரன்யோன் அதைச் சோதித்த மாதிரி ஒன்று செய்தார். இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு அட்ரீனலின் ஊசி போட்டு, என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டு 1924-ல் எழுதினார். பெரும்பாலோர் உடம்பில் நடந்ததை மட்டுமே சொன்னார்கள். உணர்ச்சியைச் சொன்னவர்களிலும் பெரும்பாலோர் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை, பயப்படுவது போல இருக்கிறது என்றார்கள். உடம்பு நடுங்கியது, அஞ்சுவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. செத்துப்போன அப்பா அம்மாவைப் பற்றியோ நோயில் கிடக்கும் பிள்ளையைப் பற்றியோ முன்னதாக அவர் பேச்சுக் கொடுத்திருந்தவர்களில் சிலர் மட்டும் உண்மையாகவே கலங்கிப்போனார்கள்.

என் நடுக்கத்தில் 'போல' கிடையாது. எனக்கு ஊசி போட்டதாக யாரும் சொல்லவில்லையே. ஆனால் மரன்யோனைப் படித்தபின் ஒன்று பிடிபட்டது. சாறு நடுக்கத்தைத் தரும், திசையைத் தராது. வாசலில் நடுங்கியபோது நான் மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பினேன். அந்தத் திரும்பல் எந்தச் சுரப்பியில் ஊறியது? கழுகைக் காட்ட அம்மா என்னை இடுப்பில் தூக்கிவைத்தபோது ஊறியது. கட்டியை எடுத்தவர்கள் அதைத் தொடவில்லை.

அப்பருக்கு வந்தது சூலை நோய். வயிற்றைப் புரட்டிய வலிதான் அவரைச் சமணத்திலிருந்து கிளப்பித் திருவதிகைக்கு, அக்கா திலகவதியாரிடம் கொண்டுவந்து சேர்த்தது என்பது பெரியபுராணம். இன்றைக்கு ஒரு டாக்டர் அந்தச் சூலைக்கு ஒரு பெயர் வைத்துவிடலாம். வைத்தாலும் பாட்டில் ஓரெழுத்து மாறாது. வலியில் கத்தாதவர் யார்? கத்தலைத் தேவாரமாக்கியது வலியின் வேலை அல்ல.

ரமணருக்கு 1896-ல், மதுரை வீட்டு மாடியில், பதினாறு வயதில் சாவுப் பயம் வந்தது. நோய் இல்லை, நொடி இல்லை, திடீரென்று. அந்தப் பயம் என் ஏழு வருஷத்துக்கு உறவுபோலத்தான் எனக்குப் படும். அவர் டாக்டரைத் தேடவில்லை, கூச்சல் போடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, சாகிறது எது என்று பார்த்தார். அரை நூற்றாண்டு கழித்து அவர் இடக்கையில் முழங்கைக்கு அருகே ஒரு கட்டி. சார்கோமா, அதுவும் அபூர்வமான இனம்தான். 1949-ல் நான்கு முறை அறுத்தார்கள், ரேடியமும் வைத்தார்கள். கையை எடுத்துவிடலாம் என்றபோது மட்டும் அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று உடம்பு விழுந்தது. கட்டியைக் கையிலிருந்து எடுக்கிறவர்களை அவர் தடுக்கவில்லை. அழுகிறவர்களின் மனசிலிருந்து எடுக்கத்தான் பாடுபட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. முதல் பயம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராயலாம். அதை அவர் எங்கே கொண்டுபோனார் என்பதல்லவா ரமணர்?

இப்படியெல்லாம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டாலும், ஓர் இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போதெல்லாம் அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: பூனை எங்கே? மேலே எலும்பு தெரிய, ஒற்றைக் காலில், கைகளை உயர்த்தி நிற்கிறார் தவசி. கீழே, பெரிய யானைக்குப் பக்கத்தில், அதே மாதிரி முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது பூனை. அதைச் சுற்றி எலிகள். போலித் துறவிகளைக் கேலிசெய்து மத்தவிலாசம் எழுதிய மகேந்திரவர்மனின் வம்சம் அல்லவா, கல்லிலும் சிரிப்பு விடவில்லை என்று விளக்குவேன். அறுவைக்குப் பிறகு போனபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேப்பிலையோடு நின்றவள் அந்தப் பூனையாகத் தெரிந்தாள்.

அன்று உற்றுப் பார்த்தேன். சிற்பி பூனையின் வயிற்றையும் ஒட்டவைத்துத்தான் செதுக்கியிருக்கிறான். தவசிக்குக் கொடுத்த அதே கவனம். எலிகளில் ஒன்று கைகூப்பியிருக்கிறது. பூனை பொய்யாக இருக்கலாம். அந்தக் கும்பிடு எப்படிப் பொய்யாகும்? இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பூனையை மட்டுமே காட்டியிருக்கிறேன்.

அடுத்த பிரதோஷத்தன்று அடிவாரத்தில் பூக்கார அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அன்று வந்தது அம்மன் இல்லை, வயிற்றுக்குள் ஒரு கட்டி, அது சாறு கொட்டினால் உடம்பு அப்படி ஆடும், உயிர் போகிறாப்போலப் பயம் வரும், கூட்டத்தில் விழுந்துவிடாமல் நிற்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன் என்று. அவள் நாரில் பூவைக் கட்டிக்கொண்டே கேட்டாள். விரல்கள் நிற்கவில்லை. கட்டி முடித்து, முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தபின் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்வளவு பயத்துலயா டீச்சரம்மா என் தலையில கை வச்சீங்க?"

"ஆமாம்" என்றேன்.

முழம் போட்டாள். வழக்கம்போல் நான்கு விரல் கூட்டித்தான் அளந்தாள். காசையும் வழக்கம்போல் வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டாள். நான் பூவோடு படி ஏறத் தொடங்கினேன்.